பழைய டீசல் இன்ஜின்களும் நானும்

(கிளையின் காலாண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் போன் செய்து, "அடுத்த கூட்டத்தில் நீங்கள் அரை மணி நேரம் பேச வேண்டும்" என்றார். எதைப் பற்றி என்று கேட்டேன். "உங்கள் இஷ்டம் சார், ரயில்வேயில் இருந்தவர், உங்களுக்கா விஷயம் இல்லை?" என்றார். "அப்படியானால் பழைய டீசல் இன்ஜின்களைக் காப்பாற்றுவது பற்றிப் பேசுகிறேன்" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன். பிறகு தயங்கித் தயங்கி, "நீராவி இன்ஜின் என்றால் மாமிகளும் உட்கார்ந்து கேட்பார்கள்..." என்றார்.

அவரைக் குறை சொல்லவில்லை. ஊர் உலகமே அப்படித்தான் நினைக்கிறது. நீராவி இன்ஜின் என்றால் எல்லோருக்கும் பிரியம். 1855இல் செய்த ஃபேரி குயீன் 1997இல் மறுபடியும் ஓடியபோது பத்திரிகைகள் எல்லாம் எழுதின. ஊட்டி மலை ரயில் 2005இல் உலகப் பாரம்பரியச் சின்னம் ஆனது. ஆனால் குன்னூரில் நீராவி இன்ஜினைக் கழற்றிவிட்டு டீசல் இன்ஜினை மாட்டும்போது பயணிகள் முகத்தைப் பாருங்கள், கல்யாணச் சாப்பாட்டில் பாயசத்துக்குப் பதில் மோர் வந்துவிட்ட மாதிரி இருக்கும். கல்கா-சிம்லா ரயிலும் 2008இல் பாரம்பரியச் சின்னம் ஆகிவிட்டது. அங்கே தினப்படி வண்டிகளை இழுப்பது டீசல்தான். அதைப் போட்டோ எடுப்பவர் குறைவு.

ஆனால் இந்த அறையில் உட்கார்ந்திருக்கும் நம்மை எல்லாம் ஊருக்கும் உத்தியோகத்துக்குமாக இழுத்துக்கொண்டு போனது எது? டில்லியிலும் நாக்பூரிலும் கல்கத்தாவிலும் இருந்தவர்கள், மே மாசம் பிறந்தால் குழந்தை குட்டி, டிரங்குப் பெட்டி, மண் கூஜா சகிதம் மெட்ராஸ் போவோமே, அந்த வண்டிகளின் முன்னால் இருந்தது டீசல். 1976இல் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் வந்தது. பிற்பாடு பெட்டிகள் அதிகமானபோது இரண்டு டீசல் இன்ஜின்களை ஜோடியாக மாட்டி இழுத்தார்கள். நம் தலைமுறையின் ஞாபகத்தில் புகை என்றால் அது டீசல் புகைதான். ஒப்புக்கொள்ளத்தான் கூச்சப்படுகிறோம்.

கொஞ்சம் சரித்திரம் சொல்கிறேன், அலுப்புத் தட்டாமல் பார்த்துக்கொள்கிறேன். அமெரிக்காவில் ஆல்கோ என்று ஒரு கம்பெனி இருந்தது. அங்கிருந்து 1957 முதல் நூறு டீசல் இன்ஜின்கள் வந்தன. அதற்கு டபிள்யூ.டி.எம்.-1 என்று பெயர். டபிள்யூ என்றால் அகலப் பாதை, டி என்றால் டீசல், எம் என்றால் பயணிகள் வண்டி, சரக்கு வண்டி இரண்டையும் இழுப்பது. 1962இல் அதே கம்பெனியின் அடுத்த மாடல் வந்தது, டபிள்யூ.டி.எம்.-2. பதினாறு சிலிண்டர், 2,600 குதிரைச் சக்தி, 112.8 டன் எடை, மணிக்கு 120 கிலோமீட்டர் வேகம். அதை நாமே செய்வதற்காகக் காசியில் தொழிற்சாலை கட்டினார்கள். 1964 ஜனவரி 3ஆம் தேதி அங்கே உருவான முதல் இன்ஜினை லால் பகதூர் சாஸ்திரி நாட்டுக்கு அர்ப்பணித்தார். அப்போது அவர் பிரதமர் ஆகியிருக்கவில்லை. நாம் எல்லாம் கடைசிக் காலத்தில் காசிக்குப் போக ஆசைப்படுகிறோம். டீசல் இன்ஜின் காசியில் பிறந்து ஊர் ஊராகப் போயிற்று என்று ஷெட்டில் வேடிக்கையாகச் சொல்வோம்.

அந்த மாடலில் 2,500க்கு மேல் செய்தார்கள். அமெரிக்காவில் தாய்க் கம்பெனி 1969இல் மூடப்பட்ட பிறகும் இங்கே முப்பது வருஷம் செய்துகொண்டிருந்தோம் என்றால் அந்த வடிவமைப்பின் தெம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். காசித் தொழிற்சாலைக்கு 2020இல் பெயரே மாறிவிட்டது. டீசல் என்ற சொல் போய், பனாரஸ் லோகோமோட்டிவ் வொர்க்ஸ் ஆகிவிட்டது. இப்போது அங்கே பெரும்பாலும் மின்சார இன்ஜின்தான். 2018இல் பழைய டீசல் வண்டிகளை மின்சார இன்ஜினாக மாற்றியும் காட்டினார்கள்.

மின்சாரம் வந்தது நல்லதுதான். எண்ணெய்ச் செலவு மிச்சம், புகை இல்லை. டீசல் புகையை முப்பத்தெட்டு வருஷம் குடித்தவன் சொல்கிறேன், இன்னும் இருமுகிறேன். டீசலை மறுபடி ஓட விடுங்கள் என்று கேட்க நான் வரவில்லை. ஆயிரக்கணக்கில் இருந்த ஒன்றில் நான்கைந்தையாவது சரியாக வைத்துக்கொள்ள வேண்டாமா என்றுதான் கேட்கிறேன். 'சரியாக' என்ற சொல்லில்தான் சண்டையே இருக்கிறது. அதைத்தான் இன்று சொல்ல வந்தேன்.

1974இல் மத்திய இந்தியாவில் ஒரு டீசல் ஷெட்டில் அப்ரென்டிஸாகச் சேர்ந்தேன். ஷெட்டின் பெயர் வேண்டாம். 2012இல் சீனியர் செக்‌ஷன் இன்ஜினியராக அதே ஷெட்டில் ரிடையர் ஆனேன். கடைசிப் பத்து வருஷம் என் வேலைகளில் ஒன்று, கழித்துக்கட்டும் வண்டிகளுக்குக் காகிதம் தயாரிப்பது. ஒரு டீசல் இன்ஜினுக்கு விதித்த ஆயுள் 36 வருஷம். அது முடிந்ததும் ஒரு கமிட்டி பார்த்து, 'இனி வேண்டாம்' என்று கையெழுத்துப் போடும். அதற்கு முன், எதை எதைக் கழற்றி வேறு வண்டிக்குப் போடலாம் என்று பட்டியல் எழுத வேண்டும். டர்போ, கவர்னர், எக்ஸ்பிரஸர், டிராக்‌ஷன் மோட்டார், ஜெனரேட்டர். பட்டியலை எழுதியவன் நான். கழற்றியானதும் வெறும் கூடு நிற்கும். டெண்டர் எடுத்தவன் ஆட்கள் காஸ் கட்டரோடு வருவார்கள். நான்கைந்து நாளில் தண்டவாளத்தின் மேல் எண்ணெய்க் கறை மட்டும் இருக்கும். பிறகு டன் கணக்கில் ரசீது.

இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. ஓடுகிற வண்டிக்கு ஸ்பேர் இல்லாதபோது நிற்கிற வண்டியிலிருந்து எடுப்பதுதான் முறை. வீட்டில் பழைய பட்டுப் புடவையின் ஜரிகையை எடுத்து விற்பதில்லையா? அந்த மாதிரி.

சில சமயம் ஒரு வண்டியை நினைவுச் சின்னமாக வாசலில் நிறுத்துவார்கள். அதற்கும் பட்டியல் அதேதான். உள்ளே இருப்பதை எல்லாம் எடுத்துவிட்டு, வெளியே புதுப் பெயிண்ட் அடித்து, நாலு பக்கம் சங்கிலி கட்டி, விளக்குப் போடுவார்கள். ஐந்து வருஷத்தில் கூரை ஓட்டையாகி, தரைத் தகடு இற்றுப்போய், உள்ளே புறா குடித்தனம் செய்யும். நானே அப்படி ஒன்றுக்குப் பெயிண்ட் நிறம் தேர்ந்தெடுத்துக் கொடுத்திருக்கிறேன். அப்போது எனக்கு அதில் தப்பு எதுவும் தெரியவில்லை.

தெரிந்தது 2013இல். பெண்ணும் மாப்பிள்ளையும் இங்கிலாந்தில் ஷெஃபீல்டில் இருக்கிறார்கள். ஆறு மாச விசா, உங்களுக்குத் தெரியாததா? பேரனை ஸ்கூலில் விட்டு அழைத்து வருவது, வாசலில் நின்று மழை பார்ப்பது. மாப்பிள்ளை என் முகத்தைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, "அப்பா, இங்கே பக்கத்தில் பேரோ ஹில் என்று ஒரு பழைய இன்ஜின் ஷெட் இருக்கிறதாம், போகலாமா?" என்றார்.

செஸ்டர்ஃபீல்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது அது. 1870இல் கட்டிய வட்ட ஷெட். நடுவில் சுழலும் மேடை, அதைச் சுற்றிலும் வண்டிகள். 1991இல் மூடிவிட்டார்கள். உள்ளூர்க்காரர்கள் விடாப்பிடியாக நின்று இடிக்காமல் காப்பாற்றி, 1998இல் மறுபடி திறந்தார்கள். அதே வளாகத்தில் டெல்டிக் என்ற டீசல் இன்ஜின்களுக்கென்று ஒரு சங்கம் 2003இல் சொந்தமாக ஷெட் கட்டிக்கொண்டது. நான் அங்கேதான் நாள் முழுக்க நின்றேன்.

டெல்டிக் என்பது 1961-62இல் செய்த வண்டி. மொத்தமே 22. லண்டனுக்கும் எடின்பரோவுக்கும் நடுவே மணிக்கு நூறு மைல் வேகத்தில் ஓடியது. 3,300 குதிரைச் சக்தி. உள்ளே இரண்டு இன்ஜின், ஒவ்வொன்றிலும் 18 சிலிண்டர். ஒரு சிலிண்டருக்குள் எதிரெதிராக இரண்டு பிஸ்டன், ஆக 36. மூன்று கிராங்க் ஷாஃப்ட் முக்கோணமாக இருக்கும். கடற்படைப் படகுகளுக்காக யோசித்த இன்ஜின். நம் ஆல்கோவைப் பழுது பார்த்தவனுக்கு அதைப் பார்த்தால் தலை சுற்றும். வெள்ளைக்காரர்கள் அதில் சிலவற்றுக்குப் பந்தயக் குதிரைகளின் பெயர் வைத்தார்கள், ஆலிசைடன், டுல்யார் என்று. 1982 ஜனவரி 2ஆம் தேதி கடைசி ஓட்டம். 22இல் ஆறு பிழைத்தன. அதில் மூன்றை இந்தச் சங்கம் வாங்கியது. சங்கம் ஆரம்பித்தது 1977இல், வண்டிகள் ஓடிக்கொண்டிருந்தபோதே. சாகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

அங்கே வேலை செய்துகொண்டிருந்தவர்கள் யாரும் சம்பளக்காரர்கள் இல்லை. ஒருவர் ரிடையர்டு பஸ் டிரைவர், ஒருவர் பள்ளிக்கூட வாத்தியார். கை முழுக்க எண்ணெய். நான் டீசல் ஷெட்டில் இருந்தவன் என்றதும் டீ கொடுத்து உட்கார வைத்தார்கள். அந்த டீயைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் இருப்பது நல்லது. நான் பெருமையாக, "எங்கள் ஊரிலும் ஒரு வண்டியை வாசலில் நிறுத்தியிருக்கிறோம்" என்றேன். வாத்தியார் கேட்ட முதல் கேள்வி, "கிராங்க் ஷாஃப்ட்டைக் கடைசியாக எப்போது சுற்றினீர்கள்?"

எனக்குப் பதில் இல்லை. எங்கள் சின்னத்துக்குள் கிராங்க் ஷாஃப்ட்டே இல்லை.

அவர் இன்னொன்றும் சொன்னார். இங்கிலாந்தின் முதல் மெயின் லைன் டீசல் வண்டி, 10000 என்று எண், 1947 டிசம்பரில் டார்பியில் செய்தது. முதல் வண்டியாயிற்றே, யாராவது வைத்திருக்க மாட்டார்களா? வைக்கவில்லை. 1968இல் வெட்டிவிட்டார்கள். எல்லோரும் நீராவி வண்டியைக் காப்பாற்றுவதில் மும்முரமாக இருந்த வருஷம் அது. இப்போது ஒரு சங்கம் பழைய இன்ஜின் ஒன்று, வேறு வண்டியின் சட்டம் ஒன்று என்று தேடி எடுத்து, அதை முதலிலிருந்து மறுபடி செய்யப் பாடுபடுகிறது. டன் கணக்கில் போட்டு வந்த சில்லறையைப் போல எத்தனை மடங்கு செலவாகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஊருக்குத் திரும்பியபோது ஷெட்டில் 'ஐம்பத்தேழு' கழிக்கிற பட்டியலில் இருந்தது. நம்பரின் கடைசி இரண்டு இலக்கத்தைச் சொல்லித்தான் ஷெட்டில் வண்டியைக் கூப்பிடுவோம். ஐம்பத்தேழு 1977இல் காசியிலிருந்து புதுசாக வந்தபோது, அதைப் பெட்டி பிரித்துப் பார்த்த கோஷ்டியில் நானும் ஒருவன். எனக்குக் கல்யாணம் ஆனதும் அந்த வருஷம்தான். வீட்டில், "உங்களுக்கு எந்த 77 முக்கியம்?" என்று இன்றைக்கும் கேட்கிறாள்.

ஷெட்டின் தலைமை அதிகாரி சின்ன வயசுக்காரர், வடக்கத்திக்காரர், மரியாதை தெரிந்தவர். பயிற்சிப் பள்ளி வாசலில் ஒரு வண்டி நிறுத்தலாம் என்று அவருக்கும் யோசனை இருந்தது. "ஐம்பத்தேழை நிறுத்துங்கள், ஆனால் உள்ளே இருப்பதை எடுக்காதீர்கள்" என்றேன். அவர் சிரித்தார். "மாமாஜி, ஜெனரேட்டரில் எத்தனை செம்பு இருக்கிறது தெரியுமல்லவா? அதைச் சும்மா விட்டுவிட்டு ஆடிட்டுக்கு நான் என்ன பதில் எழுதுவேன்? இன்னும் ஓடுகிற முப்பது வண்டிக்கு ஸ்பேருக்கு எங்கே போவேன்?"

அவர் சொன்னது நியாயம். அந்த நியாயத்தைப் பத்து வருஷம் நானே மற்றவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் போய் ஒரு பேரம் பேசினேன். "நல்லதை எல்லாம் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் பதில் ஒரு கெட்டதைக் கொடுங்கள்" என்றேன். நல்ல டர்போவை எடுத்தால், ஓட்டத்துக்கு உதவாது என்று ஒதுக்கிய டர்போ ஒன்றை அந்த இடத்தில் வையுங்கள். நல்ல ஜெனரேட்டருக்குப் பதில் சுருள் எரிந்தது. கவர்னருக்குப் பதில் காலி டப்பா. ஆனால் இன்ஜின் பிளாக், கிராங்க் ஷாஃப்ட், பதினாறு பிஸ்டன், வால்வு, இவற்றை மட்டும் தொடக்கூடாது. வண்டி ஓடாது, சரி. ஆனால் எதுவும் காணாமல் போயிருக்காது. ஐம்பது வருஷம் கழித்து ஒருவன் வந்து பார்த்தால், எது எங்கே இருந்தது, எதோடு எது சேர்ந்தது என்பது தெரியும்.

2014இல் பேசியது, 2016இல்தான் ஒப்புதல் காகிதம் வந்தது. நடுவில் வண்டி மழையில் நின்றது. இங்கேதான் என் பழைய மிஸ்திரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சத்தீஸ்கர்க்காரர், என்னைவிட இரண்டு வயது சின்னவர், 2014இல் ரிடையர் ஆனவர். அவர் ஒரு நாள் வந்து, "ஸாப், புகைபோக்கி திறந்து கிடக்கிறது, மழைத் தண்ணீர் நேரே உள்ளே இறங்கும்" என்றார். டீசல் இன்ஜினுக்கு யமன் அதுதான். தண்ணீர் சிலிண்டருக்குள் போய்த் துருப்பிடித்தால் பிஸ்டன் ஒட்டிக்கொண்டுவிடும். பிறகு பிரம்மாவே வந்தாலும் நகராது. அன்றைக்கு ஷெட்டில் மூடி தேடி ஒன்றும் கிடைக்கவில்லை. வீட்டுக்கு வந்து, பரணில் சமாராதனைக்காக வைத்திருந்த பெரிய அண்டாவின் மூடியை எடுத்துப் போய்க் கம்பி வைத்துக் கட்டினேன். அளவு அத்தனை கச்சிதம். அந்த மூடி இரண்டு வருஷம் அங்கே இருந்தது. நவராத்திரிக்கு அண்டாவை இறக்கியபோதுதான் வீட்டில் விஷயம் தெரிந்தது. அதற்கு மேல் விவரிக்க வேண்டாம்.

கிராங்க் ஷாஃப்ட்டைச் சுற்றுவது என்றேனே, அதைக் கொஞ்சம் சொல்கிறேன். ஓடாத இன்ஜினில் எண்ணெய் மெல்ல வடிந்து கீழே போய்விடும். பேரிங்கும் ஷாஃப்ட்டும் நேருக்கு நேர் உட்கார்ந்துவிடும். பிஸ்டன் வளையம் சிலிண்டர் சுவரோடு பிடித்துக்கொள்ளும். அதனால் மாசம் ஒரு தடவையாவது நகர்த்த வேண்டும். முதலில் பக்கவாட்டு மூடிகளைத் திறந்து, கையால் பேரிங்குகளுக்கும் சிலிண்டர் சுவருக்கும் எண்ணெய் விடுவோம். புது எண்ணெய்க்குப் பணம் ஏது? ஷெட்டில் வடித்த எண்ணெயைத் துணியில் வடிகட்டிக் கொள்வோம். பிறகு பதினாறு சிலிண்டரிலும் டிகம்ப்ரஷன் பிளக்கைத் திறப்போம். இல்லாவிட்டால் உள்ளே காற்று அழுத்தம் நின்றுகொண்டு மனிதனைச் சுற்ற விடாது. அதற்குப் பின் ஜெனரேட்டர் பக்கம் நீளக் கம்பியைக் கொடுத்து நெம்புவது. ஒரு நெம்புக்கு ஒரு சாண் தூரம் நகர்ந்தால் அதிர்ஷ்டம். எல்லா பிஸ்டனும் தன் வேலை முழுவதையும் ஒரு முறை செய்து முடிக்க ஷாஃப்ட் இரண்டு சுற்றுச் சுற்ற வேண்டும். எங்கள் இருவருக்கும் முக்கால் மணி நேரம் ஆகும். நிறுத்தும்போது போன மாசம் நின்ற இடத்தில் நிறுத்தாமல் கொஞ்சம் தள்ளி நிறுத்துவோம், ஒரே வால்வு எப்போதும் திறந்தே இருக்கக் கூடாது என்பதற்காக. எந்த இடத்தில் நிறுத்தினோம் என்று மிஸ்திரி ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதி வைப்பார்.

பயிற்சிப் பையன்கள் வேடிக்கை பார்ப்பார்கள். "அங்கிள், இது ஸ்டார்ட் ஆகுமா?" என்பான் ஒருவன். "ஆகாது" என்பேன். "பின்னே எதற்கு?" என்பான். அதற்கு எனக்கு அப்போது நல்ல பதில் கிடைக்காது. எண்ணெய்க் கேனைப் பிடிக்கச் சொல்லிவிடுவேன்.

பதில் 2021இல் தானாக வந்தது. மின்சார இன்ஜின்களையும் அதே ஷெட்டில் பராமரிப்பது என்று முடிவாகி, பயிற்சிப் பள்ளி வாசலில் புதுக் கட்டடம் வரப் போகிறது என்றார்கள். ஐம்பத்தேழு அந்த இடத்தில் இடைஞ்சல். அதிகாரி மாறிவிட்டார். புதியவருக்கு என்னைத் தெரியாது. "முந்நூறு மீட்டர் தள்ளி மைதானத்து ஓரத்துக்குக் கொண்டுபோக முடிந்தால் இருக்கட்டும். வருஷக் கணக்காக நின்ற வண்டி உருளாது என்கிறார்கள். உருளாவிட்டால் நின்ற இடத்திலேயே வெட்டிவிட வேண்டியதுதான்" என்றார். கிரேன் கொண்டுவரச் செலவுக்கு அனுமதி இல்லை. ஒரு வாரம் அவகாசம்.

கோவிட் காலம் வேறு. மிஸ்திரிக்கு அப்போதுதான் குணமாகியிருந்தது, மாடி ஏறினால் மூச்சு வாங்கும். இருந்தும் வந்தார். நிறுத்தி வைத்தபோதே நாங்கள் இரண்டு காரியம் செய்திருந்தோம். மோட்டார்களின் பினியனை எடுத்துவிட்டதால் சக்கரங்கள் மோட்டாரை இழுக்காமல் தனியாகச் சுழலும். பன்னிரண்டு ஆக்ஸில் பாக்ஸிலும் வருஷத்துக்கு ஒரு தடவை கிரீஸ் வைத்து வந்தோம். இதை எல்லாம் புதிய அதிகாரியிடம் சொன்னேன். நம்பினாரோ இல்லையோ, பழைய தண்டவாளத் துண்டுகளைக் கொடுத்தார். கேங்மேன்கள் இரண்டு நாளில் தற்காலிகப் பாதை போட்டார்கள். மூன்றாம் நாள் காலையில் ஒரு ஷண்டிங் இன்ஜின் வந்து சங்கிலி மாட்டியது.

முதல் இழுப்பில் ஒன்றும் நடக்கவில்லை. சங்கிலி விறைத்தது, அவ்வளவுதான். யாரோ, "சொன்னேனே" என்றார்கள். மிஸ்திரி குனிந்து சக்கரத்தடியைப் பார்த்தார். பின் சக்கரம் ஒன்றின் கீழ் மரக்கட்டை செருகி இருந்தது. 2016இல் வண்டி உருளாமலிருக்க நான்தான் வைத்தேன். எடுப்பதற்கு மறந்துபோய்விட்டேன். சம்மட்டியால் தட்டி எடுத்தோம். இரண்டாம் இழுப்பில் ஐம்பத்தேழு கிளம்பியது. 112 டன் வண்டி, சத்தமே இல்லாமல், கோயில் தேர் மாதிரி போயிற்று. மைதானத்து ஓரத்தில் நின்றதும் அதிகாரி கையைக் கொடுத்தார். அந்த மரக்கட்டை சமாசாரத்தை அவரிடம் சொல்லவில்லை. இன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சொல்கிறேன்.

பையன் கேட்ட கேள்விக்கு அன்றைக்குப் பதில் சொன்னேன். எதற்கு என்றால் இதற்குத்தான்.

இப்போது அந்த ஷெட்டில் மாசாமாசம் கிராங்க் ஷாஃப்ட்டைச் சுற்றுவது இரண்டு அப்ரென்டிஸ் பையன்கள். மின்சார லோகோ படிக்க வந்தவர்கள். மிஸ்திரி பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அதட்டுவார். நோட்டு மூன்றாவது ஆகிவிட்டது.

டில்லியில் இருப்பவர்கள் சாணக்கியபுரி ரயில் மியூசியத்துக்குப் பேரக் குழந்தைகளை அழைத்துக்கொண்டு போவீர்கள். அங்கே குட்டி ரயிலோடு நின்றுவிடாதீர்கள். 18040 என்று ஒரு வண்டி நிற்கிறது. அமெரிக்காவிலிருந்து வந்த முதல் டபிள்யூ.டி.எம்.-2. அதன் பக்கத்தில் இரண்டு நிமிஷம் நில்லுங்கள்.

கடைசியாக ஒரு விண்ணப்பம். வண்டியை வைத்துக்கொள்வது ரயில்வேயால்தான் முடியும். ஆனால் வண்டியோடு சேர்ந்த காகிதம் நம் வீடுகளில் இருக்கிறது. நம்மவர்களில் எத்தனை பேர் ரயில்வேயில் இருந்தார்கள்! பெரம்பூர், பொன்மலை, கரக்பூர், ஜமால்பூர், அஜ்னி, கல்யாண், காசி. உங்கள் அப்பாவோ தாத்தாவோ ஷெட்டிலோ தொழிற்சாலையிலோ இருந்திருந்தால், பரணில் பழைய டிரங்குப் பெட்டி ஒன்று கட்டாயம் இருக்கும். அதில் ஆல்கோ மானுவல், நீலப் படம், கையால் எழுதிய பழுது நோட்டு, பயிற்சி வகுப்புக் குறிப்பு எது இருந்தாலும் வீடு மாற்றும்போது பேப்பர்காரனுக்குப் போடாதீர்கள். ஐம்பத்தேழின் ஹிஸ்டரி புக்கையே ஒரு குப்பை மூட்டையிலிருந்துதான் எடுத்தேன். முதல் பத்துப் பக்கத்தைக் கரையான் தின்றுவிட்டது. 1977 முதல் 1979 வரை அந்த வண்டிக்கு என்ன ஆயிற்று என்பது போயே போய்விட்டது. ஒரே ஒரு மானுவல் கிடைத்தாலும் மிஸ்திரியின் ஸ்டூலுக்குப் பக்கத்தில் இருக்கும் அலமாரிக்கு அனுப்பிவைக்கிறேன், ரசீது தருவார்கள். என் விலாசம் செயலாளரிடம் இருக்கிறது. தபால் செலவு என்னுடையது.

 காபி ஆறிக்கொண்டிருக்கிறது என்று மாமி ஜாடை காட்டுகிறார்.